தீ தெரியாத கால்

போன மாதம் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் பயிற்சி மருத்துவர்களுக்கு ஏதாவது பேசுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுவதில் ஒரு வசதி உண்டு. கேட்ட உடனே வந்துவிடுவோம். குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு எதிரே நிற்கும் சுண்ணாம்பு மலையை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, என் அனுபவத்தில் மிகக் கஷ்டமான கேஸ் எது என்று கேட்டாள். பிரசவம், விபத்து என்று ஏதாவது வரும் என எல்லோரும் காத்திருந்தார்கள். "ஒருத்தரோட கால். அது கடைசியில நல்லாத்தான் ஆச்சு" என்றேன். சிரித்தார்கள். அதற்குள் தேநீர் வந்துவிட்டது, பேச்சும் அங்கேயே நின்றுபோனது. வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூங்காமல் படித்தேன், தூங்காமல் வார்டில் நின்றேன், எல்லோரையும் போல அழுதேன், தேர்வானேன். பிறகு பல வருடங்கள் பெரிய மருத்துவமனைகளில் ஓடிவிட்டன. நாற்பதைத் தொட்ட வயதில்தான் குடும்ப மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சிக்கு எழுதிப் போட்டேன். பாகான் செராய் பக்கம் ஒரு சின்ன டவுன் அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பினார்கள். பயிற்சி டாக்டர் என்றதும் சின்னப் பெண் ஒருத்தி வருவாள் என்று அங்கிருந்த மிசிகள், அதாவது தாதிகள், எதிர்பார்த்திருக்கிறார்கள். தலையில் பாதி நரையோடு நான் காடியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியதைப் பார்த்து, ஏதோ மேலதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார் என்று பயந்துபோனார்கள்.

டவுன் என்றால் இரண்டு வரிசைக் கடைகள். ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. கிளினிக்குக்குப் பின்னால் எனக்கு ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். சாயங்காலம் கிளினிக் மூடிவிட்டால் மறுநாள் காலை வரை என்னிடம் பேச ஆள் கிடையாது. சாப்பாட்டுக் கடைக்குப் போனால், "டாக்டர் வாராங்க" என்று நாலு பேர் உட்காரும் மேசையை மரியாதையாகக் காலி செய்து கொடுப்பார்கள். அந்த மேசையில் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். பக்கத்து மேசைகளில் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். மரியாதையைப் போல மனிதரை ஒதுக்கிவைக்கும் விஷயம் வேறு இல்லை என்று அப்போது கோபமாக நினைத்துக்கொள்வேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு வந்து அம்மாவையும் அண்ணனையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வழியெல்லாம் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவேன்.

என் மேலதிகாரி டாக்டர் சுரயா, மலாய்க்காரர், என்னைவிட வயதில் இளையவர். அவர் அறையில் மேசை சுவரோடு ஒட்டிக் கிடக்கும். நோயாளிக்கு நல்ல நாற்காலி, அவருக்கு ஒரு குட்டை முக்காலி. நோயாளியைத் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். தமிழில் அவருக்குத் தெரிந்தது "செருப்பு களட்டு" ஒன்றுதான். அதை அவர் சொல்லும் தோரணையில் கிழவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே கழற்றுவார்கள். திட்டமாட்டார், புகழவும் மாட்டார். நான் ஒரு நோயாளியைப் பற்றி இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ருமா அடா சியாப்பா?" வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரியவில்லை என்றால் கதவைக் காட்டுவார். நான் போய் நோயாளியிடம் கேட்டுவிட்டு வரவேண்டும். ஆரம்பத்தில் இது என்ன வம்பு என்று எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்காமல் எனக்கே கை ஓடவில்லை. நல்லவேளையாக அவர் அதை என்னைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை.

காளியப்பன் வந்தது நான் அங்கே சேர்ந்த சில மாதங்களில். அறுபதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு, சலவைச் சட்டை. பக்கத்தில் முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில், இடிக்காமல் விட்ட கடைசி லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தார். அந்தத் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது தமிழர்கள் எல்லோரும் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்கும் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போய்விட்டார்கள். இவர் போகவில்லை. அம்மன் கோயிலுக்கு விளக்கேற்ற ஆள் வேண்டுமே என்றார். நான் பேசிய தமிழைக் கேட்டதும், "நீங்க கிராணி ஊட்டுப் பிள்ளையா டாக்டர்?" என்று கேட்டார். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதியவர்தான். ஆமாம் என்றேன். நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலி நுனியும் எனக்குச் சாப்பாட்டுக் கடை மேசை மாதிரிதான் இருந்தது.

அவருக்கு வெகுநாளாகச் சர்க்கரை நோய். பாதங்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. அந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கைப்பிடியில் தடித்த நைலான் இழை பொருத்தியிருக்கும். முதலில் நோயாளியின் கையில் அதை ஒற்றிக் காட்ட வேண்டும், இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியட்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் குறிப்பிட்ட இடங்களில் இழை லேசாக வளையும் வரை அழுத்தி எடுக்க வேண்டும். காய்ப்பு இருக்கும் இடத்தில் அழுத்தக் கூடாது. ஒரே தாளத்தில் தொட்டுக்கொண்டு போனால் நோயாளி அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஊகத்தில் பதில் சொல்லிவிடுவார். அதனால் விட்டு விட்டுத் தொட வேண்டும். சிலசமயம் தொடாமலே கேட்க வேண்டும்.

கையில் தொட்டபோது காளியப்பன் சரியாகச் சொன்னார். பாதத்தில் தொட்டேன். பதில் இல்லை. இடம் மாற்றித் தொட்டேன். மற்றப் பாதத்தில் தொட்டேன். அவர் கண்ணை மூடியபடி அமைதியாக இருந்தார். எங்கேயாவது தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரியாது டாக்டர். அத அம்மா வாங்கிக்கிட்டா."

ஒன்றும் புரியாமல் விழித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். தோட்டத்துக் கோயிலில் ஆடியில் தீமிதி. அவர் இளவட்டமாக இருந்த நாளிலிருந்து பூக்குழி இறங்குகிறார். முன்பெல்லாம் சூடு ஏறும், கொப்புளம் வரும், மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு படுப்பார். மூன்று வருடமாக ஒன்றுமே தெரிவதில்லை. தணலில் நின்று நிதானமாக நடக்கிறார். மற்றவர்கள் ஓட, இவர் நடப்பதைப் பார்த்து ஊரே அசந்துபோனது. கரகத்தை அவர் தலையில் வைத்து முதலில் இறங்கும் உரிமையைக் கொடுத்தார்கள். தீமிதி அன்றைக்கு, எங்கெங்கோ போய்விட்ட சனங்கள் எல்லாம் பஸ் பிடித்தும் காடியிலும் வருவார்கள். அவர் பாதத்தில் மஞ்சள் நீர் ஊற்றித் தொட்டுக் கும்பிடுவார்கள். ஜோகூரில் இருக்கும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் வருடத்தில் ஒரே ஒரு தடவை அதற்குத்தான் வருவார்கள். வந்தால் சில நாள் தங்குவார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

பெருவிரலுக்குக் கீழே இருந்த காய்ப்பைக் கத்தியால் சீவினேன். உள்ளே கறுப்பாக இரத்தம் கட்டியிருந்தது. புண் உள்ளேயே ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நான் சீவிக்கொண்டிருக்க, அவர் பேரனின் சேட்டைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் காலோடு இந்த வருடம் பூக்குழி இறங்கினால் புண் எலும்பு வரை போகும். காலையே எடுக்கும்படி ஆகலாம். அதை மறைக்காமல் சொன்னேன். உணர்ச்சி போனது சர்க்கரை நரம்பைத் தின்றதால் என்றும் சொன்னேன். "சரி டாக்டர்" என்றார். கண்ணாடியைத் தரையில் வைத்துத் தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொன்னேன். அதற்கும் சரி என்றார்.

டாக்டர் சுரயாவிடம் போனபோது கேள்வி வருமுன்பே, வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் நீ சொன்னதை அவர் யாரிடம் சொல்லி யோசிப்பார் என்று கேட்டார்.

புண்ணைப் பார்க்க வரச் சொன்ன நாளில் காளியப்பன் வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. அம்மனைக் குறைத்துப் பேசிவிட்டேன் என்று கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என நினைத்தேன். கிராணி வீட்டுப் பிள்ளைக்கு நம் சாமியைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லியிருப்பார் என்றெல்லாம் கற்பனை செய்து, எனக்கும் வீம்பு ஏறியது. வீம்போடுதான் காடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை. லயத்தில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு இருந்தது. அவர் கோயில் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார், மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் காப்பு. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"காப்புக் கட்டியாச்சு டாக்டர். தீமிதி முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லைய தாண்டக் கூடாது. அதான் வர முடியல. தப்பா நெனச்சிக்காதீங்க."

கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. மனுசன் விரதத்தில் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புண்ணைப் பார்த்தேன். ஆறவில்லை, அகலமாகியிருந்தது. மறுபடியும் அதையே சொன்னேன், கொஞ்சம் கெஞ்சலாகவே சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, மருந்தைப் பற்றி எனக்குத் தெரியும், அம்மாவைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மன் எதிரிலேயே இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். சம்மதித்தார். பையிலிருந்து இழையை எடுத்தேன். இந்தத் தடவை பாதத்தோடு நிறுத்தவில்லை. கணுக்காலுக்கு வந்தேன். தெரியவில்லை. அதற்கு மேலே போனேன். தெரியவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்ததும், "ஆ, இங்க" என்றார். பக்கத்துப் பூசைத் தட்டில் இருந்த குங்குமத்தைத் தொட்டு அந்த இடத்தில் அவரையே ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். மற்றக் காலிலும் அப்படியே செய்தோம். கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு கோடுகளும் ஒரே உயரத்தில் இருந்தன, நீளமான காலுறை போட்டு முடிகிற இடம் மாதிரி.

அவர் கோட்டிலிருந்து கணுக்கால் வரை விரலால் அளந்து பார்த்தார்.

"பூக்குழியில கணுக்காலுக்கு மேல நெருப்பு வராது" என்றார். பிறகு சன்னதிப் பக்கம் பார்த்தார். "அப்ப இது அவ வேலை இல்ல."

நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. அவரிடம் இருந்த ஒரே சொத்தை அவர் கையாலேயே எடுத்துக் கொடுக்க வைத்த மாதிரி இருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாமா என்றுகூடத் தோன்றியது. கரகத்தைத் தங்கை மகனிடம் கைமாற்றிவிடுகிறேன் என்றார். நோய் என்று சொல்லிவிட்டால் எல்லோரும் புரிந்துகொள்வார்களே, நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம் டாக்டர். மூணு வருசமா பிள்ளக்குட்டிங்களோட வந்து தொட்டுக் கும்புட்டாங்க. அது நோவுன்னு எப்படி சொல்றது? நீங்களும் சொல்லிராதீங்க. என் மவன்கிட்டகூட."

சொல்லமாட்டேன் என்றேன். நோயாளி சொல்லக் கூடாது என்றால் சொல்லக் கூடாது, அது எங்கள் தொழில் விதி. ஆனால் அந்த விதி அவ்வளவு கனமாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

தீமிதி அன்று போனேன். பாதையின் இரண்டு பக்கமும் காடிகள், மோட்டர் சைக்கிள்கள், ஐஸ் தண்ணீர்ப் பந்தல்கள், உறுமி மேளம். அந்தச் செத்த தோட்டத்துக்கு இத்தனை சனம் எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. காளியப்பன் தலையில் கரகத்தோடு வந்தார். புண்ணில் நான் போட்ட கட்டு தெரியாதபடி மஞ்சள் துணி சுற்றியிருந்தார். பூக்குழியின் விளிம்பில் வந்து நின்றார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அவர் கரகத்தை இறக்கி, பக்கத்தில் நின்ற தங்கை மகன் தலையில் வைத்தார். பிறகு ஓரமாக விலகிக்கொண்டார்.

மேளம் ஒரு கணம் தடுமாறியது. அப்புறம் அந்தப் பையன் இறங்கினான், பின்னால் எல்லோரும் இறங்கினார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"வெரதத்துல என்னமோ கொற வச்சிட்டாருலா."

"அம்மா அவர விட்டு எறங்கிட்டா. அவ்ளோதான்."

காளியப்பனின் மகனும் அதைக் கேட்டான். அவன் முகம் சுருங்கிப்போனது. நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் நீர்க் குடங்களோடு பெண்கள் தங்கை மகனைச் சூழ்ந்துகொண்டார்கள். காளியப்பன் பக்கம் யாரும் வரவில்லை. அன்னதானம் முடிந்தது, படம் எடுத்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் பாதை காலியாகிவிட்டது. மகனும் மறுநாள் வேலை இருக்கிறது என்று அன்றைக்கே கிளம்பிவிட்டான்.

புண் ஆறியது. தழும்புகூட மெல்லியதாகத்தான் தெரிந்தது. டாக்டர் சுரயா பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாகுஸ்" என்றார். நன்றாயிருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இனிமேல் சில மாதங்களுக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று காளியப்பனிடம் சொன்னேன்.

அடுத்த மாதமே வந்துவிட்டார். காய்ச்சலா என்று கேட்டேன். "இல்ல டாக்டர், கால் பாக்கணும்" என்றார். பார்த்தேன், ஒன்றுமில்லை. அதற்கடுத்த மாதமும் வந்தார். கிளினிக் திறக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். மிசிகள் முணுமுணுத்தார்கள். நான் அவரை விரட்டவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அவர் வரும் நாள் நல்ல நாளாக இருந்தது. இப்போது அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பசியாறிட்டீங்களா டாக்டர் என்று கேட்பார். அந்த டவுனில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அடுத்த ஆடிக்கு மகன் வரவில்லை. லீவு கிடைக்கலையாம் என்று அவராகவே சொன்னார்.

ஒரு நாள் முக்காலியில் உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் கண்ணை மூடச் சொன்னேன். அவர் மூடவில்லை.

"மூட வேணாமே டாக்டர். மூடிட்டா நீங்க தொடுறது எனக்குத் தெரியாம போயிரும்."

இந்தக் காலைத் தொட எத்தனை பேர் வரிசையில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் கண் திறந்தபடியே சோதனையை முழுதாகச் செய்தேன். மருத்துவ விதிப்படி அது செல்லாத சோதனை. மெதுவாக, ஒரு இடம் விடாமல் தொட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கதவோரம் வந்த டாக்டர் சுரயா எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பயிற்சி முடிந்து என்னை ஈப்போவுக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு ஒரு தம்பி வந்தார். கெட்டிக்காரர், நல்ல பிள்ளை. நோயாளிகளை ஒவ்வொருவராக அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன். காளியப்பனையும் அறிமுகப்படுத்தினேன். இரண்டு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல், காலைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். சில மாதம் கழித்து அந்தத் தம்பி வேறு ஏதோ சந்தேகம் கேட்கப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாகக் காளியப்பனைப் பற்றி விசாரித்தேன்.

"அவரா? கால் ரொம்ப நல்லா இருக்கு அக்கா. சும்மா சும்மா வந்து பாவம் காலையிலேர்ந்து காத்துக் கெடக்குறாரு. இனிமே ஒரு வருசம் கழிச்சி வந்தா போதும்னு சொல்லிட்டேன்."

சந்தோசமாகத்தான் சொன்னார். அவர் செய்ததில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. காளியப்பனை மாதா மாதம் வரச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன்.

"கூப்புடுறேன் அக்கா. ஆனா காரணம்னு என்ன எழுதுறது? புண் இல்ல, சக்கரையும் கட்டுக்குள்ள இருக்கு."

எத்தனையோ யோசித்தேன். காளியப்பன் சொல்லும் காரணம்தான் வாயில் வந்தது.

"கால் பாக்கணும்னு எழுதிக்குங்க" என்றேன்.